செப்டம்பரில் ஏறிய தண்ணீர்

போன மாதம் ஷமீமா போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கு இப்போது அவர்தான் தலைவர்.

"சார், புதுசா ஆறு பேர் சேர்ந்திருக்காங்க. சென்சார் எல்லாம் பேக்டரியிலயே காலிப்ரேட் பண்ணித்தானே வருது, நாம எதுக்குத் திரும்ப ஒரு தடவை பண்ணணும்னு கேக்கறாங்க. ஒரு நாள் லஞ்ச் டைம்ல வந்து பேசுங்களேன்."

போனேன். இருபது நிமிடம் பேசினேன். அதற்குள் எல்லோருடைய பார்வையும் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த பீட்சா பக்கம் போய்விட்டது. பாவம், நிறுத்திக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். பிறகு ஊரே கம்ப்யூட்டர் படித்தபோது நானும் படித்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து அமெரிக்கா ஆள் தேடிய நேரத்தில் கலிபோர்னியா வந்து சேர்ந்தேன். ஆண்டு பிறந்தது, ஒன்றும் குழம்பவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் தளத்தில் இருந்த நாற்பது பேரையும் ஒரே மீட்டிங்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. என் மனைவி கலா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்ததால் வீடு ஓடியது. அவள் மூலம்தான் கிரீன் கார்டும் வந்தது. ஏழு மாதம் நான் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். நன்றாக வந்தது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் பிளசன்டனில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து பத்து நிமிட டிரைவில் ஒரு சின்ன நிறுவனத்தில் டெக்னீசியன் வேலை இருக்கிறதென்று தெரிந்தது. ஓடை, கிணறு, அணைக்கரை, மலைச்சரிவு என்று நகராட்சிகள் கேட்கும் இடங்களில் நீர்மட்டம் அளக்கும் சென்சார்களைப் பொருத்திப் பராமரிப்பது அவர்கள் தொழில். இன்டர்வியூ எடுத்தவர் ஷமீமா. அதிராம்பட்டினத்துக் குடும்பம், சென்னையில் வளர்ந்தவர், சிவில் இன்ஜினியரிங்கில் மேற்படிப்பு. வயது முப்பத்தொன்று.

"பம்ப் டெஸ்டிங்ல பிரஷர் கேஜ் எப்படி செக் பண்ணுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பாதியிலேயே, "திங்கக்கிழமை வர முடியுமா சார்?" என்றார்.

"வரேன் மேடம்."

"மேடம் எல்லாம் வேணாம் சார். ஷமீமான்னே கூப்பிடுங்க."

"அப்ப நீங்க என்னை சார்னு கூப்பிடறது?"

சிரித்தார். அதற்குப் பிறகு நான் வேலையை விடும்வரை அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு சார். மற்றவர்களுக்குத் தங்கவேல் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'டேங்க்' என்று சுருக்கிவிட்டார்கள். நாளெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டும் இடத்தில் அது பொருத்தமாகவே இருந்தது.

வேலையைச் சொல்கிறேன். நாங்கள் பொருத்திய சென்சார் கட்டைவிரல் தடிமனில் ஒரு எஃகுக் குழல். தண்ணீருக்குள் இறக்கினால், மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒரு சிறு மின்னோட்டத்தைக் கேபிள் வழியே அனுப்பும். கேபிளின் மறுமுனையில் டேட்டா லாகர். ஷூ பெட்டி அளவில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். ஆனால் இத்தனை மின்னோட்டம் வந்தால் இத்தனை அடித் தண்ணீர் என்பது லாகருக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு சென்சாரையும் சோதித்து அந்தக் கணக்கை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெயர்தான் காலிப்ரேஷன்.

ஒர்க்‌ஷாப்பில் மாடிப்படிச் சுவரோரம் பதினான்கு அடி உயரத்துக்குக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். முதல் நாளே தண்ணீர் நிரப்பி வைத்துவிட வேண்டும். அப்போதுதான் அதில் கலந்திருக்கும் காற்று வெளியேறும். காலையில் சென்சாரை உள்ளே விட்டதும் கேபிளைப் பிடித்து இரண்டு சுண்டு சுண்ட வேண்டும். சென்சாரின் வாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அன்றைய வேலை முழுக்கப் பொய். பிறகு இரண்டு அடி இறக்கி, நான்கு நிமிடம் காத்திருந்து, எண்ணைக் குறிக்க வேண்டும். மறுபடி இரண்டு அடி, நான்கு நிமிடம். பன்னிரண்டு அடிவரை இறங்கி, அதே மாதிரி ஏறி வர வேண்டும். இறங்கும்போது வந்த எண்ணும் ஏறும்போது வந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ஷமீமா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுவார். மூன்றரை நிமிடத்தில் நான் வாயைத் திறந்தால், "இன்னும் முப்பது செகண்ட் இருக்கு சார்" என்பார். குரல் உயராது. அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு. 'கொஞ்சம்', 'ஏறக்குறைய', 'பரவாயில்லை' போன்ற சொற்கள் அவர் காதில் விழக்கூடாது.

"ரீடிங் கொஞ்சம் கூட இருக்கு மேடம்."

"கொஞ்சம்னா எவ்ளோ சார்?"

வீட்டில் கலா உப்பு கொஞ்சம் கம்மி என்று சொன்னபோது நானும் அப்படியே கேட்டுவிட்டேன். அன்று ராத்திரி எனக்கு வெறும் தயிர்சாதம்தான் கிடைத்தது.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தப்பு செய்தேன். ஒரு பூங்காவில் ஓடைக்கு ஒரு சென்சார், பக்கத்துக் கிணற்றுக்கு ஒரு சென்சார். ஒன்றின் கணக்கை இன்னொன்றின் பெயரில் லாகரில் ஏற்றிவிட்டேன். பதினொரு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். ஷமீமா என்னைத் திட்டவில்லை. நகராட்சிக்கு ஒரு மெயில் அடித்து, அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினார். மூன்றே வரி. நாங்கள் தந்த எண்கள் தவறு, தவறு எங்களுடையது, சரியான எண்கள் இவை. கீழே அவர் பெயரும் என் பெயரும்.

"உங்க பேரு எதுக்கு மேடம்? தப்பு பண்ணது நான்."

"நீங்க எழுதினத நான் செக் பண்ணாமத்தானே சைன் பண்ணேன்?"

அன்றிலிருந்து ஒருவர் சென்சாரில் பொறித்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படிக்க, மற்றவர் எழுத வேண்டும் என்று புது வழக்கம் வந்தது. நான் வேகமாகப் படிக்கும்போது என்னை அறியாமல் 'ஏழு, ரெண்டு, ஒம்பது' என்று தமிழுக்குப் போய்விடுவேன். எழுதிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரச் சகா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். சில மாதத்தில் அவரும் ஒன்று முதல் ஒன்பது வரை கற்றுக்கொண்டார்.

இனி அந்த மலைச்சரிவு விஷயம். இரண்டாயிரத்து ஆறு.

ஊருக்கு வெளியே ஒரு குன்றைச் செதுக்கி வீடுகள் கட்டியிருந்தார்கள். குன்றின் உச்சியில் பொதுப் புல்வெளி, நடுவில் சரிவு, கீழே வீடுகள். சரிவின் மண் நீரில் ஊறினால் நழுவக்கூடும் என்பதால் நகராட்சி எங்களிடம் மூன்று சென்சார் புதைக்கச் சொல்லியிருந்தது. இருபத்தைந்து அடி ஆழத்தில் துளை போட்டு, சென்சாரை இறக்கி, சிமென்ட் கலவை ஊற்றி மூடிவிட்டோம். அதாவது, வெளியே எடுத்துச் சோதிக்கவே முடியாது. லாகர் பெட்டி மட்டும் கடைசி வீட்டின் பின்கட்டில் இருந்தது. அந்த வீடு சுமதியுடையது. பொள்ளாச்சிப் பெண், ஒரு பேங்கின் ஐ.டி. பிரிவில் வேலை. கணவர் செந்தில் அடிக்கடி ஆபீஸ் வேலையாக வெளியூர் போவார். மகள் நிலாவுக்கு ஏழு வயது. நான் டேட்டா எடுக்கப் போகும் நாளெல்லாம், "அங்கிள், காபி குடிச்சிட்டுப் போங்க" என்று சுமதி கட்டாயப்படுத்துவாள். நானும் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

அந்த செப்டம்பரில் இரண்டாம் எண் சென்சார் ஏறத் தொடங்கியது. கோடையில் நான்கு அடியில் நின்றது, மூன்றே வாரத்தில் ஒன்பது அடி காட்டியது. பன்னிரண்டைத் தொட்டால் ஆபத்து என்று நகராட்சி கோடு போட்டிருந்தது. ஆனால் எங்கள் பகுதியில் ஏப்ரலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை கிடையாது. குன்று முழுக்கக் காய்ந்த புல், சிங்கத்தின் முதுகு மாதிரி. தண்ணீர் எங்கிருந்து வரும்?

நகராட்சி இன்ஜினியர் நல்ல மனிதர். சென்சார் பழசாகி எண் நகர்ந்திருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் கேரிக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை. எங்கள் பெட்டியால் வீட்டு விலை இறங்குகிறது என்று ஆரம்பத்திலிருந்தே அவருக்குக் கோபம். காலிப்ரேட் செய்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பூங்கா விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அதையும் சொல்லிக் காட்டினார்.

உண்மையைச் சொன்னால் எனக்கே என்மேல் சந்தேகம். மூன்று வருடத்துக்கு முன் நான் கைப்பட எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று அந்தக் குமிழியைச் சுண்டினேனா?

வியாழக்கிழமை ஷமீமாவும் நானும் சுமதி வீட்டுப் பின்கட்டில் பெட்டியைத் திறந்தோம். முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு, கைக்கருவி ஒன்றிலிருந்து எங்களுக்குத் தெரிந்த மின்னோட்டத்தை லாகருக்குக் கொடுத்தோம். சரியாகக் காட்டியது. லாகர் குற்றவாளி இல்லை. அடுத்து இரண்டாம் சென்சாரின் கேபிளை மூன்றாவதின் இடத்திலும், மூன்றாவதை இரண்டாவதின் இடத்திலும் மாற்றிச் செருகினோம். அந்த ஒன்பது அடியும் கேபிளோடு கூடவே இடம் மாறியது. அதாவது, எண் மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது. கேபிளில் எலி கடித்த தடம் இல்லை. ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த நீலமணிகள் நிறம் மாறவில்லை.

"என்ன நினைக்கிறீங்க சார்?"

"தப்புன்னு சொல்ல ஒண்ணும் கிடைக்கல மேடம். ஆனா சரின்னு சொல்லவும் தைரியம் வரல."

திரும்பும்போது ஷமீமா குனிந்து தரையைப் பார்த்தார். வீட்டுச் சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் சிமென்ட் தரையில் ஒரு விரிசல். அதன் அகலம் பார்க்க, சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அதில் செங்குத்தாகச் செருகி நிறுத்தினார். நின்றது.

வெள்ளிக்கிழமை காலை அவர் சுமதியிடம் நேரடியாகவே சொன்னார். "சில நாளைக்கு வேற எங்கயாவது தங்கிக்கணும். நகராட்சிகிட்டயும் பேசிட்டேன்."

சுமதி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. அந்த மெஷின் சரியா வேலை செய்யுதா?"

எத்தனை முறை அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

"தெரியலையா? தெரியாமயா எங்களை வீட்ட விட்டுப் போகச் சொல்றீங்க? செந்தில் வேற டெக்சாஸ்ல இருக்காரு. நான் லீவ் போட முடியாது, இவளுக்கு ஸ்கூல்..."

அவள் முடிக்கும்வரை ஷமீமா நின்று கேட்டார். பிறகு, "எனக்கும் தெரியாதுங்க. தெரியாததாலதான் போகச் சொல்றேன். தெரிஞ்சிருந்தா இருங்கன்னோ ஓடுங்கன்னோ சொல்லியிருப்பேன்" என்றார்.

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பெட்டி கட்டினாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நிலா என்னிடம், "கேன் ஐ டேக் மை ஃபிஷ்?" என்றாள். தாராளமா எடுத்துட்டு வா என்றேன். ஃப்ரீமான்டில் இருந்த சித்தி வீட்டுக்கு அவர்கள் கிளம்பியபோது, மீன் தொட்டியைக் கார்வரை நான்தான் தூக்கிப் போனேன். என் சட்டையில் பாதித் தண்ணீர் கொட்டியது. நிலா அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில், இரண்டாம் எண்ணோடு ஒரே பெட்டியில் வந்து, மூன்று வருடமாக அலமாரியிலேயே இருந்த ஒரு உதிரி சென்சாரை எடுத்துக் குழாயில் இறக்கினேன். பன்னிரண்டு அடிவரை இறங்கி ஏறினேன். அதன் பழைய தாளில் இருந்த எண்களுக்கும் புதியவற்றுக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. கூடப் பிறந்தது நகரவில்லை, அதனால் மண்ணுக்குள் இருப்பதும் நகர்ந்திருக்காது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் ஷமீமாவிடம் 'ஓரளவு' செல்லாதே.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே காகிதங்களைப் பரப்பினேன். அதுவரை எல்லோரும் நாளுக்கு ஒரு புள்ளி வைத்த படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது பதினைந்து நிமிடக் கணக்கு முழுவதையும் அச்செடுத்திருந்தேன். எனக்குக் கண் மங்கியதால் கலா படித்தாள். எண் ஏறும் இடத்தில் மட்டும் நான் கோடு போட்டேன்.

"காலைல எட்டு மணிக்கு மேல ஏறுது. மத்தியானம் நின்னுடுது. அடுத்த நாள் சும்மா இருக்கு. அதுக்கு அடுத்த நாள் திரும்ப எட்டு மணிக்கு..." என்று படித்தவள் நிறுத்தினாள். "இது என்ன கிழமை?"

பார்த்தேன். "திங்கள்."

"இது?"

"புதன். அப்புறம் வெள்ளி."

"ஏங்க, இது நம்ம அபார்ட்மென்ட் ஸ்ப்ரிங்க்ளர் மாதிரி இல்ல? அதுவும் திங்கள், புதன், வெள்ளிதானே ஓடுது? புதன்கிழமை காலைல ஒரு தடவை என் செருப்பு நனைஞ்சுதே!"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கெட்டுப்போன சென்சார் கிழமை பார்த்தா கெடும்? அப்போதே ஷமீமாவுக்குப் போன் அடித்தேன். மறுமுனையில் குழந்தை அழும் சத்தம், குக்கர் விசில். "எத்தனை வாரம் இப்படி இருக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு வாரமும். ஒன்பது நாளும். ஒண்ணுகூடத் தப்பல."

செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். செவ்வாயன்று அந்த எண் ஒருமுறைகூட ஏறியதில்லை. அன்று நாங்கள் தண்ணீர் விட்டு ஏறினால் அதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை. குன்றின் உச்சியில் பொதுப் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர்கள் சங்கத்துக்குச் சொந்தம். கேரி முணுமுணுத்துக்கொண்டே சாவியோடு வந்தார். நகராட்சி இன்ஜினியரும் ஷமீமாவும் மேலே. நான் கீழே சுமதியின் பின்கட்டில், மடிக்கணினியை லாகரோடு இணைத்து, நிமிடத்துக்கு ஒரு எண் வரும்படி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலை ஏழரைக்கு ஷமீமா போனில் சொன்னார். "சார், ஒண்ணாவது வால்வு ஓகே, ரெண்டாவது ஓகே. மூணாவது திறந்தா மீட்டர் ரொம்ப வேகமா சுத்துது, ஆனா ஸ்ப்ரிங்க்ளர்ல தண்ணி சரியா வரல."

அவர் வாயில் 'ரொம்ப' என்று கேட்டது அதுதான் முதல்முறை.

"அதையே திறந்து விடுங்க மேடம்."

ஒன்பது புள்ளி நான்கு. எட்டு மணிக்கும் ஒன்பது புள்ளி நான்கு. ஒன்பது மணிக்கும் அதே. கேரி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார் என்று மேலேயிருந்து செய்தி வந்தது. பத்து மணிக்கும் அதேதான். அன்று ஏறவில்லையென்றால் காலிப்ரேஷனும் போச்சு, கலாவின் செருப்பும் போச்சு.

பத்து இருபதுக்குத் திரையில் ஒன்பது புள்ளி ஐந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பத்து முப்பத்தைந்துக்கு ஒன்பது புள்ளி ஆறு.

"மேடம், ஏறுது!"

"எவ்ளோ சார்?"

"புள்ளி ரெண்டு! ஒம்பது புள்ளி ஆறு!"

போனில் அவர் யாரிடமோ ஆங்கிலத்தில் "மூடுங்கள், மூடுங்கள்" என்று கத்துவது கேட்டது. பக்கெட்டின்மேல் அசையாமல் உட்காரும் ஷமீமா கத்தி அன்றுதான் கேட்டேன்.

மதியமே தோண்டினார்கள். மூன்றடிக்குக் கீழே, பழைய பிளாஸ்டிக் குழாயின் இணைப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் விடியலில் திறந்த தண்ணீர் புல்லுக்குப் போகாமல் நேராகச் சரிவின் வயிற்றுக்குள் இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து சென்சாரை எட்டியிருக்கிறது. குழியின் ஓரத்தில் கேரி நெடுநேரம் நின்றார். அன்று மாலையே ஆள் பிடித்துக் குழாயை மாற்றினார். இன்ஜினியர் சரிவின் அடியில் வடிகால் துளைகள் போட வைத்தார்.

அடுத்த வாரம் கேரி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார், கையில் அவர் தோட்டத்து எலுமிச்சை ஒரு பை. அந்த சென்சாரை எப்படிச் சோதித்தீர்கள், பார்க்கலாமா என்று கேட்டார். ஒன்றை இறக்கிக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்திலேயே எண் என்ன என்று கேட்டார். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்றேன். பொறுத்துக்கொண்டார். பன்னிரண்டு அடிவரை கூடவே நின்றார். அந்த எலுமிச்சையில் கலா போட்ட ஊறுகாய் ஒரு வருடம் வந்தது.

எண் இறங்கத் தொடங்கியது. முதல் வாரம் எட்டு. பிறகு ஆறரை. ஐந்துக்குக் கீழே வந்து ஒரு வாரம் அங்கேயே நின்றால் வீட்டுக்குத் திரும்பலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். தினமும் சாயந்திரம் வேலை முடிந்து நான் அந்தப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சுமதிக்குப் போன் செய்வேன். முதல் சில நாள் அவள் குரலில் கோபம் இருந்தது. பிறகு அவளே, "இன்னைக்கு எவ்ளோ அங்கிள்?" என்று போன் பண்ண ஆரம்பித்தாள். எண்ணைக் கேட்டதும் செந்திலுக்கு உடனே மெசேஜ் போகும்.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. பெட்டியைத் திறந்து, ஏழு நாள் கணக்கையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தேன். இன்ஜினியருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சரி என்றதும் சுமதிக்கு அடித்தேன்.

"அங்கிள்? எவ்ளோ?"

"நாலு புள்ளி ரெண்டும்மா. ஒரு வாரமா அப்படியே நிக்குது. வீட்டுக்கு வாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் உள்பக்கம் குரல் கொடுத்தது கேட்டது. "நிலா, ஷூ போடு. நம்ம வீட்டுக்குப் போறோம்!"

"ஃபைனலி!" என்று ஒரு கத்தல், தொடர்ந்து தடதடவென்று படியிறங்கும் சத்தம்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனேன். ஐந்து வாரமாகக் கதவில் நகராட்சி கட்டியிருந்த மஞ்சள் நாடாவை, முடிச்சு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினேன்.